ஆரஞ்சு விளக்கின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு ஸ்கேன் சென்டரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே மைக்கில் சொல்வார். நான் ஹெட்போனில் கேட்டு ரிப்போர்ட் தட்டச்சு செய்வேன். கல்லீரலின் அளவு என்ன, பித்தப்பையில் கல் உண்டா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று நாள் முழுக்க அடுத்தவர் வயிற்றைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது.

என் மேஜைக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறை ஒன்று. ஏ.சி. எந்நேரமும் ஓடும். உள்ளே சர்வர். எடுக்கிற ஸ்கேன் படம் அத்தனையும் அந்த இரும்புப் பெட்டிக்குள்தான் போய்ச் சேரும். முகப்பில் நான்கு டிஸ்குகள், மேஜை டிராயர் மாதிரி இழுத்தால் வெளியே வருகிறவை. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு சின்ன விளக்கு. வலது ஓரத்தில் பவர் பட்டன். இடது ஓரத்தில் பெட்டி முழுவதற்குமான பொது விளக்கு ஒன்று. பெட்டி சுகமாக இருந்தால் அது நீலமாக நிலைத்து எரியும்.

இதற்குப் பொறுப்பு, டாக்டரின் மனைவிக்குத் தம்பி. கழுத்தில் தொங்கிய அட்டையில் ஐ.டி. மேனேஜர் என்று போட்டிருக்கும். அதற்கு முன்பு ஆசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் விட்டவர் என்பதற்காக நான் அவரை மட்டமாக நினைக்கவில்லை. பிரேக் எது, கியர் எது என்று தெரிந்துகொண்டுதானே அந்தத் தொழிலைச் செய்திருப்பார்? இங்கே வந்த பிறகு எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. என் இளக்காரம் முழுவதும் அதற்குத்தான்.

சர்வரைப் பொருத்திய அன்று சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். ஒவ்வொரு விளக்கையும் விரலால் தொட்டுக் காட்டி, எந்த நிறம் என்ன சொல்கிறது என்று அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். மேனேஜர் அந்த அரை மணி நேரமும் போனில் யாருடனோ மனை விலை பேசிக்கொண்டிருந்தார். நடுநடுவே இன்ஜினியரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். தடுப்புக் கதவு திறந்திருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது. கடைசியில் இன்ஜினியர் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மேனேஜர் அதைப் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்த பக்கெட் ஆடாமலிருக்க அடியில் கொடுத்திருந்தார். ஒரு வாரம் பார்த்துவிட்டு நான் எடுத்து வைத்துக்கொண்டேன். வேறு ஒரு பழைய டைரியை அந்த இடத்தில் வைத்தேன். மாற்றம் நடந்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

மதிய சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். கஷ்டமான இங்கிலீஷ் இல்லை. முகப்பின் படம் போட்டு, ஒவ்வொரு பட்டனிலிருந்தும் ஒரு கோடு இழுத்து எண் கொடுத்திருந்தார்கள். நான்கு பக்கத்தில் முடிகிற விஷயம். பஸ் போர்டைப் படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும்.

மேனேஜருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பட்டன். இடது ஓரத்து நீல விளக்கே ஒரு பட்டனும்கூட. அழுத்தினால் நீலம் விட்டுவிட்டு மின்னும். பெரிய கம்பெனிகளில் ஒரே மாதிரிப் பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். முன்னால் இதை அழுத்திவிட்டுப் பின்பக்கம் போனால் அங்கேயும் ஒரு விளக்கு மின்னும். அதை வைத்து, நாம் தேடுகிற பெட்டி இதுதான் என்று கண்டுபிடிக்கலாம். அவ்வளவுதான் அதன் உபயோகம். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு பெட்டி. அதைத் தேட வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. ஆனால் மேனேஜர் அதற்கு டர்போ என்று பெயர் வைத்திருந்தார். படம் திறக்கத் தாமதமாகிறது என்று டாக்டர் குரல் கொடுத்தால் இவர் உள்ளே போய் அழுத்துவார். நீலம் மின்னத் தொடங்கும். "ஸ்பீடு ஜாஸ்தி பண்ணிட்டேன் மாமா" என்பார். அதற்குள் படம் தானாகத் திறந்திருக்கும். மனித உடம்பின் உள்ளே அரை சென்டிமீட்டர் நிழலைக்கூடக் கண்டுபிடிக்கிற டாக்டர், மைத்துனர் சொன்னதை அப்படியே நம்பினார்.

ஒரு நாள் காலையில் நான் வந்து பார்த்தபோது நீலம் இல்லை. பொது விளக்கு ஆரஞ்சாக மின்னிக்கொண்டிருந்தது. இடமிருந்து மூன்றாவது டிஸ்கின் விளக்கும் ஆரஞ்சு. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த டிஸ்க் செத்துவிட்டது, மாற்ற வேண்டும். மற்ற மூன்றும் சேர்ந்து எல்லாப் படங்களையும் தாங்கிக்கொள்ளும். ஆனால் இன்னொன்றும் போனால் மொத்தமும் போய்விடும்.

மேனேஜர் பத்தரை மணிக்கு வந்தார். சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஆரஞ்சு என்றால் வெறும் எச்சரிக்கைதான் என்றார்.

"ரெட் வரட்டும், பாத்துக்கலாம்."

"இதுல ரெட் லைட்டே கிடையாது சார்."

"அப்ப இன்னும் நல்லது."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நிம்மதியடைந்துதான் சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையே காட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. உங்கள் வேலை டைப் அடிப்பது, அதைச் செய்தால் போதும் என்றார். டாக்டரிடமும் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அவர் ஃபிலிமிலிருந்து கண்ணை எடுக்காமல், மேனேஜரிடம் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு நான் விட்டுவிட்டேன். நான்காவது முறையும் சொல்வது என் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் அது மின்னிக்கொண்டே இருந்தது. சென்டரில் புது ஸ்கேன் மிஷின் திறப்பு விழா வந்தது. வந்த விருந்தாளிகளில் ஒரு டாக்டர் கண்ணாடி வழியாகப் பார்த்து, ஏன் ஆரஞ்சு விளக்கு மின்னுகிறது என்று கேட்டுவிட்டார். மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள், சென்டரின் பெயர் போட்ட நீள ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் முகப்பில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒட்டினார். பொது விளக்கும் நான்கு டிஸ்குகளின் விளக்குகளும் அதற்கடியில் மறைந்தன. ஒட்டி முடித்துவிட்டு, குமிழி இல்லாமல் உள்ளங்கையால் நீவிவிட்டார். தள்ளி நின்று பார்த்து, இப்போதுதான் பார்க்க டீசண்டாக இருக்கிறது என்று என்னிடமே சொன்னார். அது வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டிக்கு அவர் இவ்வளவு அக்கறையாகச் செய்த வேலை வேறு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு படங்கள் திறக்க நேரமாகத் தொடங்கியது. வெளியே கியூவில் நோயாளிகள், உள்ளே டாக்டரின் கோபம். வேறு வழியில்லாமல் மேனேஜர் சென்னை இன்ஜினியருக்குப் போன் செய்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே முகப்பில் என்ன விளக்கு எரிகிறது என்பதுதான். மேனேஜர், ஒன்றும் எரியவில்லை என்றார். பொய் இல்லை. ஸ்டிக்கருக்கு மேல் ஒன்றும் எரியவில்லைதான். இன்ஜினியர் தன் இடத்திலிருந்தே சர்வருக்குள் நுழைந்து பார்த்துவிட்டு, ஒரு டிஸ்க் போய் இரண்டு மாதத்துக்கு மேலாகிறது என்றார். புது டிஸ்கைக் கூரியரில் அனுப்பினார். தானே வந்து மாற்றித் தருவதாகவும் அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர் கிளம்பி வந்த நாள் பௌர்ணமி, மலையைச் சுற்றிக் கிரிவலம் போக லட்சக்கணக்கில் கூட்டம் வருகிற நாள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அன்று எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியேயே நிறுத்திவிட்டார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் எங்கோ நெரிசலில் மாட்டிக்கொண்டு போன் செய்தார். மறுநாள் காலையில்தான் வர முடியும் போலிருக்கிறது என்றார். அதே நேரம் டாக்டர் அறையிலிருந்து சத்தம் வந்தது. ஒரு படம்கூடத் திறக்கவில்லை.

மேனேஜர், தானே மாற்றிவிடுவதாக இன்ஜினியரிடம் சொன்னார். அந்தப் பக்கம் அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. கடைசியில் அவரும் சலித்துப்போய், போனை வைக்காமல் நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கள் என்றார்.

"ஸ்லாட் ரெண்டு சார். ஸ்லாட் ரெண்டை மட்டும் எடுங்க. மத்தது எதையும் தொட்டுடாதீங்க."

லைன் அறுந்தது. பௌர்ணமி கூட்டத்தில் போன் அப்படித்தான். திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை.

மேனேஜர் என் மேஜையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் வாசலில் போய் நின்றேன். ஸ்டிக்கரைப் பிய்க்க அவருக்கு மனசில்லை. இடமிருந்து ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணி, இரண்டாவது டிஸ்கைச் சுற்றி மட்டும் ஸ்டிக்கரைச் சதுரமாக அறுத்தார்.

அந்தப் பெட்டியில் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை, பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஸ்லாட் இரண்டு என்றால் இடமிருந்து மூன்றாவது. புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது. அவர் கை வைத்திருந்தது நல்ல டிஸ்கின் மேல்.

எனக்குத் தெரியும். வாயைத் திறந்து "அது இல்ல சார்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. இழுக்கட்டும், சர்வர் நின்று போகட்டும், டாக்டர் முன்னால் இந்த ஆள் முழிக்கட்டும் என்று நினைத்தேன். நாளைக்கு இன்ஜினியர் வந்து அதே டிஸ்கைத் திரும்பச் செருகிச் சரிசெய்துவிடுவார் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். மேனேஜரைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததை இன்று ஊரே பார்க்கும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கை கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் இழுத்தார். புது டிஸ்கைச் செருகினார். சர்வர் உறைந்து நின்றது. ஃபேன் சத்தம் மட்டும் ஏறியது. அப்போது வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள், காத்திருந்தவர்கள் சண்டை போடத் தொடங்கியிருந்தார்கள். நான் போய் ஒவ்வொருவரிடமும் நாளை வரச் சொல்லிச் சமாதானம் செய்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது மேனேஜர் ஸ்டிக்கரை முழுக்கக் கிழித்துக் கீழே போட்டிருந்தார். நெற்றியில் வியர்வை, முகத்தில் ஒரு வெற்றி. நான்கு டிஸ்குகளிலும் பச்சை. பொது விளக்கு நீலம், மின்னாமல் நிலைத்து எரிந்தது. இரண்டு மாதத்துக்கும் மேலாகிவிட்ட பிறகு அந்த நீலத்தைப் பார்க்கிறேன்.

"பாத்தீங்களா? இதுக்குப் போய் மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரணுமாம்."

அவர் என்ன செய்தார் என்பதை அவர் வாயாலேயே பெருமையாகச் சொல்லிக் கேட்டேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார். ஆரஞ்சு எரிந்த டிஸ்கையும் உருவிவிட்டு, நல்ல டிஸ்கை அந்த இடத்தில் செருகியிருக்கிறார். பவரைத் திரும்பப் போட்டதும் பெட்டியோடு இணைத்திருந்த திரையில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. டிஸ்குகளில் இருக்கும் பழைய அமைப்பை எடுத்துக்கொள்ளவா, இல்லை கிளியர் செய்யவா என்று. கிளியர் என்றால் சுத்தம்தானே, அழுத்திவிட்டேன் என்றார். பிறகு புதிதாக ஆரம்பிக்கவா என்று கேட்டதற்கும் சரி என்று கொடுத்திருக்கிறார்.

டாக்டர் தன் அறையில் கம்ப்யூட்டரைத் திறந்தார். பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. லோட் ஆகக் கொஞ்சம் நேரமாகும் மாமா என்று இவர் சொன்னார். இருவரும் சாயங்காலம்வரை அந்த வெள்ளைத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை இன்ஜினியர் முதுகுப் பையோடு நடந்தே வந்து சேர்ந்தார். முகப்பைப் பார்த்து முதலில் அவருக்கும் சந்தோஷம்தான். திரையைப் பார்த்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"பெட்டி நல்லா இருக்குங்க சார். உள்ளதான் ஒண்ணும் இல்ல."

முகப்பு விளக்குகள் பெட்டியின் உடம்பைப் பற்றி மட்டுமே சொல்லும், உள்ளே இருந்த படங்கள் என்னவாயின என்று சொல்லாது என அவர் விளக்கினார். டாக்டர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எந்த டிஸ்கை முதலில் எடுத்தீர்கள் என்று இன்ஜினியர் கேட்டதற்கு, நீங்கள் சொன்ன இரண்டுதான் என்றார் மேனேஜர். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்றார் இன்ஜினியர். அதை யார் சொன்னார்கள் என்று மேனேஜர் எரிந்து விழுந்தார். புத்தகம் என் மேஜை டிராயரில் இருந்தது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன், கேட்க ஒன்றும் இல்லாதபோதும்.

பொறுப்பு யார் மேலும் விழவில்லை. கரண்ட் ஏற்ற இறக்கத்தால் வந்த கோளாறு என்று வாசலில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். மேனேஜர்தான் வாசகம் சொன்னார், டைப் அடித்தது நான்.

ஒரு மாதம் கழித்து அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர் வந்தார். கிரிவலப் பாதையில் சோடாக் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் அவருடைய கல்லீரலில் ஒரு சின்னக் கட்டி தெரிந்திருந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருடைய டாக்டர் சொல்லியிருந்தார். பழைய படம் இல்லை என்று வரவேற்பில் சொன்னதும் அவர் நேராக என் மேஜைக்கு வந்தார். என்னை நினைவு வைத்திருந்தார்.

"நீங்கதானம்மா சொன்னீங்க, வீட்ல வச்சிக்க வேணாம், இங்கயே பத்திரமா இருக்கும்னு? எங்க வீடு மழைல ஒழுகுது, ரிப்போர்ட்டு ஃபிலிமு எல்லாம் நனைஞ்சு போச்சு. போனா போவுது, அங்க இருக்கேன்னு தைரியமா இருந்தேன்."

சொன்னது நான்தான். சொன்னபோது மூன்றாவது டிஸ்கில் ஆரஞ்சு எரிந்ததா இல்லையா என்று கணக்குப் பார்த்தேன். இல்லை, அவர் வந்து போய் இரண்டு மாதம் கழித்துத்தான் ஆரஞ்சு வந்தது. அந்தக் கணக்கால் எனக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை.

அவரை உட்காரச் சொன்னேன். ரிப்போர்ட் அடிக்கும் மென்பொருள் அடிக்கடி நின்று போகும் என்பதால், நான் எல்லா ரிப்போர்ட்டையும் முதலில் என் கம்ப்யூட்டரில் ஒரு சாதாரணக் கோப்பில் அடித்து, பிறகுதான் அதில் ஒட்டுவேன். அந்தக் கோப்புகளை அழித்ததில்லை. பெயர் வாரியாக இல்லை, தேதி வாரியாகக் கிடந்தன. அவருக்குத் தேதி நினைவில்லை. சித்திரைக்கு முந்தின பௌர்ணமிக்கு நாலு நாள் கழித்து என்று கடைக் கணக்கில் சொன்னார். தேடி எடுத்தேன். படம் இல்லை, வரிகள் மட்டும். கட்டி எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று என் கையால் அடித்தது அப்படியே இருந்தது. டாக்டர் புது ஸ்கேனை அதோடு வைத்துப் பார்த்தார். கட்டி வளரவில்லை. சோடாக் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணைத் துண்டால் துடைத்தபடி படி இறங்கினார்.

மேனேஜர் வாசல்வரை அவரோடு போனார். நம்மிடம் பேக்கப் எப்போதும் இருக்கும், கவலையே வேண்டாம் என்று அவர் தோளில் தட்டிச் சொல்வதைக் கேட்டேன். அந்தக் கும்பிடும், இந்தத் தோள் தட்டலும் சேர்ந்து என்னை உட்கார விடவில்லை. எனக்கும் இந்த ஆளுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகவே அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் பழைய ரிப்போர்ட் வரிகள் போதாது. படம் வேண்டியவர்கள் எத்தனை பேர் வந்து திரும்பிப் போனார்கள் என்று வரவேற்பில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

டாக்டர் அறைக்குப் போனேன். மேனேஜர் தப்பான டிஸ்கில் கை வைத்தபோது அது தப்பு என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன் என்று சொன்னேன். அவர் முதல் முறையாக ஃபிலிமைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"அவர் அவமானப்படட்டும்னு நினைச்சேன் சார்."

அவர் ஃபிலிமைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மைத்துனரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம் என்பது அவர் நியாயமாக இருந்திருக்கும். தெரியாமலே இருப்பது என்று முடிவெடுத்த ஒருவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு அன்று யோக்கியதை இல்லை. என்னை அனுப்பியதில் டாக்டர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. மைத்துனரை மட்டும் வைத்துக்கொண்டதை நினைத்தால் இன்றும் சிரிப்புதான் வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மேனேஜர் படிக்கட்டில் நின்றிருந்தார். நான் அவரைப் பற்றி என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆள் குறைப்பு என்று நினைத்துக்கொண்டார் போல. உண்மையான இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்.

"வேற எங்கனா வேலை வேணும்னா சொல்லுங்கம்மா. எனக்கு நாலு பேரைத் தெரியும், பேசி வுடறேன்."

சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.